ஆலிஸ் ஹாமில்டன்: கரைப்பான்களின் தீங்கைத் தொழிற்கூடம் தேடிச் சென்று அறிந்த மருத்துவர்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ தின்னர், ஒட்டுப்பசை, வண்ணப்பூச்சு, அச்சு மை, உலர்சலவைத் திரவம் போன்றவற்றுடன் பல ஆண்டுகள் வேலை செய்த பழக்கம் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது தெரியவரும்போதோ, கால் விரல்கள் மரத்துப்போகும்போதோ, செய்த வேலைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி எழுவது இயல்பு. அக்கேள்விக்கு விடை காணும் முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். உங்கள் மருத்துவர் ஏன் நோயைப் பற்றி மட்டுமன்றி வேலையைப் பற்றியும் விரிவாகக் கேட்கிறார் என்பதும், சில வேளைகளில் உறுதியான விடை கூற ஏன் தயங்குகிறார் என்பதும் அவருடைய வாழ்க்கையைப் படித்தால் உங்களுக்கு விளங்கும்.

கரைப்பான் என்பது நீரில் கரையாத கொழுப்பு, மெழுகு, ரப்பர், பிசின், சாயம் முதலியவற்றைக் கரைக்கும் திரவம். பெரும்பாலான கரைப்பான்கள் விரைவில் ஆவியாகும். ஆகவே அவை முதன்மையாக மூச்சின் வழியே உடலுக்குள் செல்கின்றன; சில தோலின் வழியாகவும் உட்புகுகின்றன. கொழுப்பைக் கரைக்கும் அதே இயல்பினால் அவை கொழுப்பு மிகுந்த மூளையையும் நரம்புகளையும் எளிதில் சென்றடைகின்றன. மற்றபடி எல்லாக் கரைப்பான்களும் ஒரே வகையான தீங்கு செய்வதில்லை.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் ஹாமில்டன் 1869 பிப்ரவரி 27 அன்று நியூயார்க் நகரில் பிறந்து, இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். கிரேக்க இலக்கியம் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற எடித் ஹாமில்டன் அவருடைய தமக்கை. வீட்டிலேயே தொடக்கக் கல்வி பெற்ற ஆலிஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1893-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனி சென்று லைப்சிக், மியூனிக் நகரங்களில் நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் கற்றார். அங்குப் பெண்கள் வகுப்பில் அமர்வதே அரிதாக இருந்த காலம் அது. ஆண் மாணவர்களின் கண்ணில் படாதவாறு ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டனர்.

1897-இல் சிகாகோவில் ஆசிரியர் பணி கிடைத்தது. அந்நகரில் ஜேன் ஆடம்ஸ் நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்னும் சமூக நல இல்லத்தில் குடியேறினார். இத்தாலியர், கிரேக்கர், போலந்து நாட்டவர், யூதர் எனப் புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. ஆய்வுக்கூடத்தில் கற்றிராத நோய்களை அவர் அங்கே கண்டார். ஈயம் கையாண்டவர்களின் மணிக்கட்டுகள் தொங்கிப்போயின. உருக்காலையில் வேலை செய்தவர்கள் நச்சுவாயுவால் மயங்கி விழுந்தனர். அக்குடும்பங்களில் இவை ஊழ்வினையாகவோ, குடிப்பழக்கத்தின் விளைவாகவோ கருதப்பட்டன.

ஒரு தவறு

ஹாமில்டனின் முதற்புகழ் ஒரு தவறான முடிவின் மேல் எழுந்தது. 1902-இல் சிகாகோவில் டைஃபாய்டு காய்ச்சல் பரவியது. ஹல் ஹவுஸைச் சுற்றிய பகுதி மிகவும் பாதிக்கப்பட்டது. மூடப்படாத கழிப்பிடங்களிலும் சமையலறைகளிலும் ஈக்களைப் பிடித்துச் சோதித்த ஹாமில்டன், அவற்றில் டைஃபாய்டு கிருமி இருப்பதைக் கண்டார். நோயை ஈக்களே பரப்பின என்ற அவருடைய கட்டுரை 1903-இல் வெளிவந்தது. பாராட்டுகள் குவிந்தன, நகரச் சுகாதாரத் துறையே மாற்றியமைக்கப்பட்டது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. நீரேற்று நிலையம் ஒன்றில் ஏற்பட்ட உடைப்பினால் மூன்று நாட்கள் கழிவுநீர் குடிநீரில் கலந்திருந்தது. அதிகாரிகள் அதனை மறைத்துவிட்டனர். பின்னாளில் இதனை அறிந்த ஹாமில்டன், தம் தன்வரலாற்றில் அதனை ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

ஈயின் உடலில் கிருமி இருந்தது பொய்யன்று; ஆயினும் அந்த மக்கள் நோயுற்றது அந்த வழியால் அன்று. இந்த வேறுபாட்டை நோயாளிகளும் குடும்பத்தாரும் மனத்தில் கொள்வது நல்லது. வேலையிடத்தில் ஒரு நச்சுப்பொருள் இருந்தது என்பது ஒரு செய்தி. அது போதிய அளவில், போதிய காலம் ஒருவருடைய உடலுக்குள் சென்றது என்பது மற்றொரு செய்தி. அப்பொருளால் வரக்கூடிய நோயே அவருக்கு வந்துள்ளது என்பது மூன்றாவது. மருத்துவர் இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வது உங்கள் சொல்லை ஐயுறுவதற்காக அன்று.

குளியல் தொட்டியும் மறைந்திருந்த ஈயமும்

1908-இல் இல்லினாய் மாநில ஆளுநர் தொழில்சார் நோய்களை ஆராயக் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் 1910-ஆம் ஆண்டு ஆய்வை ஹாமில்டன் முன்னின்று நடத்தினார். எந்தெந்தத் தொழிலில் ஈயம் பயன்படுகிறது என்பதற்குக்கூடப் பட்டியல் கிடையாது. தொழிற்கூடத்தினுள் நுழைய அவருக்குச் சட்ட உரிமையும் இல்லை. உரிமையாளர் இசைந்தால்தான் உண்டு. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர்களையும் தொழிற்சங்கத்தாரையும் கேட்டார். தொழிலாளர் வீடுகளுக்கு நடந்தார்.

அந்நாளில் ஒரு போலந்துத் தொழிலாளர் கடும் வயிற்றுவலியும் கை வாதமும் கொண்டு மருத்துவமனையில் கிடந்தார். குளியல் தொட்டிகளுக்குப் பளிங்குப்பூச்சு இடுவது தம் தொழில் என்றார். ஹாமில்டன் அத்தொழிற்கூடத்தைச் சென்று பார்த்தார். பூச்சில் ஈயமே இல்லை என்றனர். அங்கிருந்து அவர் எடுத்துச்சென்ற மாதிரியிலும் ஈயம் காணப்படவில்லை. வேறொருவராயின் அத்துடன் கோப்பை மூடியிருப்பார். ஹாமில்டன் அத்தொழிலாளரின் வீட்டுக்குச் சென்று மீண்டும் கேட்டார். அவர் பார்த்தது மெருகிடும் இடம் மட்டுமே என்பதும், பழுக்கக் காய்ச்சிய தொட்டியின் மேல் பூச்சுத்தூளைத் தூவும் வேலை வேறிடத்தில் நடப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே தூசி மண்டியிருந்தது. அத்தூளில் ஈயம் பெருமளவில் இருந்தது.

நிறுவனத்தின் பெயரோ பதவியின் பெயரோ மருத்துவருக்குப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றும் பல மருத்துவக் குறிப்பேடுகளில் தொழில் என்ற கட்டத்தில் ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. சில வேளை அதுவும் இருப்பதில்லை. நீங்கள் அதனை நிரப்பித் தரலாம். எந்தத் திரவம், அதன் வணிகப் பெயர் என்ன, துணியால் துடைத்தீர்களா, தெளித்தீர்களா, தொட்டியில் முக்கி எடுத்தீர்களா, அறையில் காற்றோட்டம் இருந்ததா, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பவற்றைக் கூறுங்கள். வேலை முடிந்தபின் கைகளைத் தின்னரால் கழுவும் வழக்கம் இருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். பலர் அதனை வேலையின் பகுதியாகவே கருதுவதில்லை.

அந்த ஆய்வு ஈய நஞ்சு ஏற்படக்கூடிய எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளை வெளிப்படுத்தியது. 1911-இல் இல்லினாய் மாநிலம் தொழில்சார் நோய்களுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு முதல் ஹாமில்டன் நடுவண் அரசின் தொழிலாளர் துறைக்காக நாடெங்கும் ஆய்வு செய்யலானார்.

பென்சீன்

1915-இல் வெளியான ரப்பர்த் தொழில் பற்றிய அறிக்கையில் கரைப்பான்கள் அவருடைய கவனத்துக்கு வந்தன. நாப்தா, பென்சால் எனப்பட்ட பென்சீன், கார்பன் டைசல்பைடு, கார்பன் டெட்ராகுளோரைடு ஆகியவை அங்கே நாள்தோறும் கையாளப்பட்டன. பென்சீனின் தீங்கை அவருக்கு முன்பே ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டிருந்தனர். ஸ்வீடனில் மிதிவண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் உறை செய்த இளம்பெண்கள் சிலர் இரத்தக்கசிவினால் இறந்ததை 1897-இலேயே சான்டெசன் என்பவர் பதிவு செய்திருந்தார். எனினும் அமெரிக்காவில் அது அரிய நிகழ்வாகவே எண்ணப்பட்டது.

முதல் உலகப் போர் நிலைமையை மாற்றியது. வெடிமருந்துக்காகக் கல்கரி உலைகளிலிருந்து பென்சீன் ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்டது. போர் முடிந்ததும் அத்தனை பென்சீனுக்கும் புதிய பயன் தேவைப்பட்டது. விலை மலிவு, கரைக்கும் ஆற்றல் மிகுதி, விரைவில் உலரும். ரப்பர்ப் பசை, செயற்கைத் தோல், வண்ணநீக்கி, தகர டப்பாக்களின் மூடிப்பசை என எங்கும் அது நுழைந்தது. 1922-இல் ஹாமில்டன் எழுதிய கட்டுரை, பென்சீன் நஞ்சு அமெரிக்கத் தொழில்களில் வளர்ந்துவரும் பேரிடர் என்று எச்சரித்தது.

பென்சீன் இரு வகையில் கொல்லும். மூடிய தொட்டிக்குள் இறங்குபவரை அதன் ஆவி சில நிமிடங்களில் வீழ்த்தலாம். அதைக் காட்டிலும் வஞ்சகமானது, குறைந்த அளவில் மாதக்கணக்கில் உட்செல்லும்போது எலும்பு மஜ்ஜைக்கு அது செய்யும் சேதம். சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் ஆகியவை படிப்படியாகக் குறையும். சோர்வு, மூச்சிரைப்பு, அடிக்கடி தொற்று, ஈறுகளிலும் மூக்கிலும் இரத்தக்கசிவு, காரணமின்றித் தோலில் தோன்றும் கருநீலத் தடிப்புகள் ஆகியவை அறிகுறிகள். வலி பெரும்பாலும் இராது. பென்சீனால் இரத்தப் புற்றுநோயும் வரும் என்பது பின்னர் உறுதியானது. 1970-களில் இஸ்தான்புல் நகரின் காலணித் தொழிலாளர்களிடம் முசாஃபர் அக்சாய் நடத்திய ஆய்வுகள் அதற்கு முக்கியச் சான்றாயின.

எவ்வளவு பென்சீன் பாதுகாப்பானது என்ற கேள்விக்கு அறிவியல் காலந்தோறும் அளித்த விடையைப் பாருங்கள். 1946-இல் அமெரிக்கத் தொழில்நலவியல் வல்லுநர்கள் பத்து இலட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு வரை ஏற்றனர். 1987 முதல் அந்நாட்டின் சட்டம் எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 1 பங்கை மட்டுமே அனுமதிக்கிறது. ஒரு காலத்தில் விதிக்கு உட்பட்டு நடந்த வேலையும் தீங்கு செய்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். தம் தந்தையின் தொழிற்கூடம் சட்டப்படி நடந்தது என்று கூறப்பட்டதைக் கேட்டு, பழைய வேலையை மருத்துவரிடம் குறிப்பிடாமலே விடும் பிள்ளைகள் உண்டு. அவ்வாறு விட்டுவிடாதீர்கள்.

பென்சீனுக்கு மாற்றாகப் பல இடங்களில் டொலுவீன் வந்தது. அது மஜ்ஜையை அவ்வாறு அழிப்பதில்லை. ஆனால் மயக்கமும் தலைவலியும் தரும், நீண்டகாலம் மிகுதியாக உட்சென்றால் மூளையைத் தாக்கும். பசைகளில் சேர்க்கப்பட்ட ஹெக்சேன், ஜப்பானிலும் இத்தாலியிலும் காலணி செய்தோரின் கால் நரம்புகளைக் கெடுத்தது. ஹெக்சேன் பாதிப்பில் பராமரிப்பவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வேலையை நிறுத்திய பின்னரும் சில வாரங்கள், சில மாதங்கள்கூடத் தளர்ச்சி கூடிக்கொண்டே சென்று, பிறகே மெல்லக் குறையத் தொடங்கலாம். மருத்துவம் பயனற்றது என்று அப்போது முடிவு கட்ட வேண்டாம்.

ஹார்வர்டும் அதற்குப் பின்னும்

1919-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஹாமில்டனைத் துணைப் பேராசிரியராக அமர்த்தியது. அப்பல்கலைக்கழகத்தின் முதற்பெண் ஆசிரியர் அவரே. அந்நாளில் அங்குப் பெண்களை மாணவராகக்கூடச் சேர்ப்பதில்லை; தொழில்சார் மருத்துவத்தில் அவருக்கு நிகரான ஆண் ஒருவர் கிடைக்காததே இந்நியமனத்துக்குக் காரணம். ஆசிரியர் மன்றத்தினுள் நுழையக் கூடாது, கால்பந்து ஆட்டச் சீட்டுக் கோரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என மூன்று நிபந்தனைகள் விதித்தனர். 1935-இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு ஒன்றேனும் அளிக்கவில்லை. ஹாமில்டனோ ஆண்டில் பாதிக் காலம் மட்டுமே கற்பிப்பதாக ஒப்புக்கொண்டு, எஞ்சிய பாதியைத் தொழிற்கூடங்களுக்காக வைத்துக்கொண்டார்.

எல்லாப் போராட்டங்களிலும் அவர் வென்றவர் அல்லர். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலப்பதை 1925-இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் எதிர்த்தார். கலப்பு தொடர்ந்தது, பல பத்தாண்டுகள் நீடித்தது.

அவருடைய இறுதிப் பேராய்வு ஓய்வுக்குப் பின்னரே நிகழ்ந்தது. ரேயான் என்னும் செயற்கைப் பட்டைச் செய்யக் கார்பன் டைசல்பைடு தேவை. மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோசை இழையாக இழுக்கத்தக்க குழம்பாக்குவது அதுவே. அதன் ஆவியைப் பல மாதங்கள் சுவாசித்தவர்களிடம் முதலில் மாறியது மனம். அமைதியானவர் காரணமின்றிச் சினந்தார், தீய கனவுகள் கண்டு அலறினார், மறதி வந்தது, ஆண்மைக் குறைவு ஏற்பட்டது, பின்னர்க் கால்கள் வலுவிழந்தன. மனநல இல்லங்களில் சேர்க்கப்பட்டவர்களும் இருந்தனர். அங்கே அவர்களுடைய தொழிலைக் கேட்டு எழுதியோர் சிலரே. கேட்டவர்களும் அதனை நோயுடன் தொடர்புபடுத்தவில்லை. 1937-38-இல் பென்சில்வேனியா மாநிலத்தில், எழுபது வயதை நெருங்கிய ஹாமில்டன் இத்தொழிலை ஆராய்ந்தார். நரம்பியல், மனநல மருத்துவர்கள் தொழிலாளர்களைச் சோதித்தனர். தீங்கு ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. தொழில்சார் நோய்களுக்கு இழப்பீடு வழங்கும் அம்மாநிலத்தின் முதற்சட்டத்துக்கு அது வழிவகுத்தது.

இத்தகைய மாற்றத்தை மருத்துவருக்கு முன்பே காண்பவர் மனைவியோ கணவரோ பிள்ளைகளோதான். நோயாளி தம் சினத்தையும் மறதியையும் தாமே உணராமல் இருக்கலாம். உணர்ந்தாலும் வெட்கத்தால் கூறாமல் இருக்கலாம். நீங்கள் பராமரிப்பவராயின், எந்த மாதத்திலிருந்து மாற்றம் தெரிகிறது, விடுமுறை நாட்களில் குறைகிறதா, உடன் வேலை செய்வோரிடமும் காணப்படுகிறதா என்பதை மருத்துவரிடம் தனியே கூறத் தயங்க வேண்டாம்.

ஹாமில்டன் 1943-இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1949-இல், தம் எண்பதாம் வயதில், ஹாரியட் ஹார்டி என்னும் இளைய மருத்துவருடன் சேர்ந்து, 1934-இல் வெளியிட்ட தொழில் நச்சியல் நூலைத் திருத்திப் பதிப்பித்தார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்லைம் சிற்றூரில் தம் இல்லத்தில் 1970 செப்டம்பர் 22 அன்று, 101 வயதில் மறைந்தார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கையெழுத்தாயிற்று.

மருத்துவரிடம் செல்லும்போது

புட்டியின் பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். வேலையிடத்தில் அப்பொருளுக்கான பாதுகாப்புத் தரவுத் தாள் இருந்தால் அதன் படியைக் கேளுங்கள். மணத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சில கரைப்பான்கள் மணம் தெரியும் முன்பே தீங்கு செய்யும், வேறு சிலவற்றின் மணம் சற்று நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். ஒருமுறை எடுத்த இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தால் அது அன்றைய நிலையை மட்டுமே காட்டுகிறது; மீண்டும் எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டறியுங்கள். மது அருந்தும் பழக்கம் இருப்பின் மறைக்க வேண்டாம். கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவற்றின் கல்லீரல் பாதிப்பை மது பெரிதும் கூட்டும். புகைப்பவரானால் அதையும் கூறுங்கள். சிகரெட்டுப் புகையிலும் பென்சீன் உண்டு.

எல்லா விவரங்களும் கிடைத்த பின்னரும், இந்நோய் இந்தக் கரைப்பானால்தான் வந்தது என்று ஒருவர் அளவில் உறுதியாகக் கூற இயலாமல் போகலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொடர்பு ஐயத்துக்குரியதாக இருக்கும்போதே அப்பொருளிலிருந்து விலகியிருக்க மருத்துவர் அறிவுறுத்துவார். மூடிய அறையிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால், தக்க சுவாசக் கருவியின்றி உள்ளே இறங்காதீர்கள். வெளியிலிருந்தே உதவியை அழையுங்கள்.